யாரும் ‘வா’ சொல்லாத இணைப்பு

எனக்குக் கணினியில் வேலை. என்ன வேலை என்று சொந்தக்காரர்கள் கேட்டால் இன்றுவரை என்னால் ஒழுங்காகப் பதில் சொல்ல முடிந்ததில்லை. புதுச்சேரி பூசி வீதியில் ஒரு பழைய வீட்டின் கீழே தையல் கடை, மாடியில் எங்கள் ஆபீஸ். மொத்தம் மூன்று பேர். தொழிற்சாலைகளுக்கு மென்பொருள் எழுதித் தருகிறோம். அப்பா பஞ்சாலையில் இருந்தவர். அவர் என்ன வேலை செய்கிறார் என்று யாரும் கேட்க வேண்டியதில்லை, தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருக்கும். என்மேல் ஒன்றும் ஒட்டுவதில்லை. அதனால் நான் ஏசிக்குக் கீழே சும்மா உட்கார்ந்து சம்பளம் வாங்குகிறேன் என்பது குடும்பத்தின் தீர்ப்பு.

இப்போது சொல்லப்போவது ஒரே ஒரு வாரத்தின் கதை. அந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை மயிலம் முருகன் கோயிலில் என் அக்கா மகளுக்குக் காதுகுத்து. கல்யாணமாகிப் பதினோரு வருஷம் கழித்து அக்காவுக்குப் பிறந்த ஒரே குழந்தை. நான் தாய்மாமன். குழந்தை உட்கார வேண்டியது என் மடியில். போட வேண்டியது நான் வாங்கி வரும் கம்மல். கம்மலை வாங்கிவிட்டேன். மிளகு அளவுக்கு இரண்டு பொட்டு, ஆபீஸ் மேஜை டிராயரில் இருந்தது. ஆனால் அக்கா என்னோடு பேசிப் பதினான்கு மாதம் ஆகியிருந்தது. எனக்கு அழைப்பு வரவில்லை.

சண்டை என்றால் பெரிய சண்டையெல்லாம் இல்லை. முத்தியால்பேட்டையில் நான் வீடு கட்டிக் குடிபோன அன்று நடந்தது. எங்கள் பக்கத்தில், வீட்டுக்கு வருகிறவரை உள்ளே இருக்கிறவர்தான் முதலில் ‘வாங்க’ என்று சொல்ல வேண்டும். சோற்றில் உப்பு இல்லை என்றால்கூட மன்னித்து விடுவார்கள், ‘வாங்க’ சொல்லவில்லை என்றால் பேரப்பிள்ளை காலம்வரை பேசுவார்கள். அன்றைக்குப் பார்த்து எங்கள் வாடிக்கையாளர் ஒருவரின் சர்வர் படுத்துவிட்டது. நான் கூடத்து மூலையில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, போனுக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தேன். அக்கா வரிசைத் தட்டோடு வந்து வாசலில் நின்றிருக்கிறாள். நான் நிமிரவில்லை. அடுப்படியிலிருந்து என் மனைவி வெளியே வருவதற்குள் தட்டை நிலைப்படியில் வைத்துவிட்டுக் கை நனைக்காமல் போய்விட்டாள்.

தப்பு என்னுடையதுதான், பாதித் தப்பு. மீதிப் பாதியைப் பற்றி எனக்கு ஒரு வாதம் இருந்தது. வாசலில் வந்து நின்றவள் ‘தம்பி’ என்று ஒரு குரல் கொடுத்திருந்தால் நான் தலையைத் தூக்கியிருக்க மாட்டேனா? கூடப் பிறந்தவனிடம் என்ன மரியாதை எதிர்பார்ப்பு? இந்த வாதத்தை மனைவியிடம் நூறு முறையாவது சொல்லியிருப்பேன். “அதப் போய் உங்க அக்காகிட்ட சொல்லுங்க” என்பாள். முதலில் அக்கா பேசட்டும் என்பேன். அவளும் அங்கே அதையேதான் சொல்லிக்கொண்டிருப்பாள் என்று நினைத்தேன்.

அக்காவின் கணவர், என் மாமா, சேதராப்பட்டில் ஒரு தொழிற்சாலையில் எலக்ட்ரீஷியன், அவர்கள் வீடும் அங்கேயேதான். தண்ணீர் பாட்டிலுக்கு மூடி செய்கிற இடம். பன்னிரண்டு இயந்திரங்கள். எது எவ்வளவு சூடாக இருக்கிறது, எது எப்போது நின்றது என்பதையெல்லாம் தன் மேஜையிலிருந்தே பார்க்க வேண்டும் என்று அங்குள்ள மேனேஜர் ஆசைப்பட்டார். “என் மச்சான் ஒருத்தன் இந்த வேலதான் செய்யறான்” என்று எங்கள் ஆபீஸைக் காட்டிவிட்டவர் மாமா. அவர் காட்டிவிட்டது சண்டைக்கு முன்னால், வேலை தொடங்கியது சண்டைக்குப் பின்னால். ஆகவே அக்கா வீட்டில் என்னோடு பேசுகிற ஒரே ஆள் மாமா, அதுவும் இயந்திரங்களைப் பற்றி. ஒவ்வொரு போனையும் வைக்கும்போது “அக்கா நல்லாத்தான் இருக்கா” என்று ஒரு வரி சேர்ப்பார். நான் கேட்டிருக்க மாட்டேன்.

வேலையின் ஏற்பாடு எளிமையானது. தொழிற்சாலையில் சிம் கார்டு போட்ட ஒரு டப்பா, எங்கள் பக்கம் ஒரு சர்வர். டப்பா இயந்திரங்களிடம் கேட்டு எங்களுக்கு அனுப்பும். முதலில் எழுதிய முறையில் எல்லாத் தகவலும் ஒரே வரிசையில் வந்தது. சேதராப்பட்டில் சிக்னல் விட்டுவிட்டுத்தான் கிடைக்கும். நடுவில் ஒன்று தொலைந்தால் அதைத் திரும்ப வாங்கும்வரை பின்னால் வந்ததெல்லாம் காத்துக் கிடக்கும். ஒரே கவுன்ட்டரில் முன்னால் நிற்பவர் பையில் சில்லறை தேட ஆரம்பித்தால் பின்னால் நிற்பவர்கள் கதி என்ன, அதே கதி. மூன்றாவது இயந்திரம் சூடாகி நின்ற செய்தி, ஏழாவது இயந்திரம் போட்ட மூடிகளின் எண்ணிக்கைக்குப் பின்னால் நின்றுகொண்டிருக்கும்.

அதற்கு மருந்தாக எங்கள் முதலாளி மேடம் ஒரு புது லைப்ரரியை, அதாவது வேறு யாரோ எழுதி வைத்த நிரல் தொகுப்பை, பிடித்து வந்தார். அதை வைத்து டப்பாவுக்கும் சர்வருக்கும் நடுவில் ஒரே ஓர் இணைப்பு போடலாம். அதற்குள் பேசுவது வெளியில் யாருக்கும் புரியாதபடி பூட்டியிருக்கும். அந்த ஒரே இணைப்புக்குள் எத்தனை ஓடை வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளலாம். பன்னிரண்டு இயந்திரத்துக்குப் பன்னிரண்டு ஓடை. ஒன்று அடைத்துக்கொண்டால் மற்றவை தம் பாட்டுக்கு ஓடும். கேட்க நன்றாக இருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் ஓட்டிக் காட்டுகிறோம் என்று மேனேஜரிடம் மேடம் வாக்குக் கொடுத்துவிட்டார். திங்கட்கிழமை காலை நான் கையேட்டைத் திறந்தேன்.

முதல் குழப்பம் அங்கேயே தொடங்கியது. இந்த லைப்ரரியில் எல்லாவற்றுக்கும் ‘காத்திரு’ என்று ஒரு சொல் எழுத வேண்டும். இணை, காத்திரு. படி, காத்திரு. ஆனால் காத்திரு என்று எழுதினால் அது அங்கே நின்றுகொண்டிருக்காது. வேறு வேலையைப் பார்க்கப் போய்விட்டு, பதில் வந்ததும் விட்ட இடத்துக்குத் திரும்பி வரும். சரி, புத்திசாலிதான். ஆனால் ‘காத்திரு’ என்று எழுத மறந்தால் அந்த வேலையைத் தொடங்கவே தொடங்காது. இணை என்று மட்டும் எழுதியிருந்தேன். அது ‘இணைக்கலாம்’ என்று ஒரு யோசனையைக் கையில் வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தது. காத்திருந்தால்தான் வேலை தொடங்கும் என்பது எந்த ஊர் நியாயம்? அரை நாள் அதிலேயே போயிற்று.

இரண்டாவது குழப்பம் பூட்டு. சர்வர் தன்னை யார் என்று காட்ட ஒரு சான்றிதழை நீட்டும். டப்பா அதைப் பார்த்துத்தான் உள்ளே பேசும். டப்பா சான்றிதழை ஏற்கவே மாட்டேன் என்றது. காரணம் கேட்டால், இந்தச் சான்றிதழ் செல்லுபடியாகும் நாள் இன்னும் வரவில்லை என்று சொன்னது. சான்றிதழை நான்தான் அன்று காலையில் போட்டேன். தலையைச் சொறிந்துகொண்டு சேதராப்பட்டில் டப்பா பக்கத்தில் நின்ற மாமாவுக்குப் போன் செய்தேன்.

“மாமா, டப்பாவ அணைச்சிப் போட்டீங்களா?”

“காலைல கரண்டு போச்சி. வந்ததும் அதுவா எழுந்துகிச்சி.”

எழுந்துகொண்டதுதான் வினை. அந்த டப்பாவின் கடிகாரத்துக்கு பேட்டரி கிடையாது. மின்சாரம் போய் வந்தால் பல வருஷத்துக்கு முந்தைய ஏதோ ஒரு தேதியில் கண் விழிக்கும். அதன் கணக்கில் என் சான்றிதழ் பிறக்கவே இல்லை. எழுந்ததும் முதலில் மணி என்ன என்று யாரிடமாவது கேட்டுக்கொள் என்று அதற்கு எழுதிக் கொடுத்தேன். மாமா சொன்னார், “நம்ம வூட்லயும் அப்பிடித்தான் மச்சான். ஒருத்தி இன்னமும் போன வருஷத்துலயே நிக்கறா.” நான் போனை வைத்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை, கையேட்டில் இருந்த மாதிரியை அப்படியே ஓட்டிப் பார்த்தேன். ஓடியது. டப்பா ஒரு ஓடையைத் திறந்து ‘ஹலோ’ என்றது, சர்வர் பதில் சொன்னது. அத்தோடு விட்டிருந்தால் அன்று மாலையே வேலை முடிந்திருக்கும். என்னால் விட முடியவில்லை. எடுத்த எடுப்பில் டப்பா கொட்ட ஆரம்பிப்பது எனக்குப் பிடிக்கவில்லை. சர்வர் தயாராக இருக்கிறதா இல்லையா என்று பார்க்க வேண்டாமா? ஒரு முறை வேண்டாமா? ஆகவே நான் ஒரு முறை வைத்தேன். டப்பா ஓடையைத் திறக்கும், திறந்துவிட்டு நிற்கும். சர்வர் அதைப் பார்த்து ‘வா’ என்று ஓர் எழுத்து அனுப்பும். அது கிடைத்ததும் டப்பா உள்ளே வந்து சொல்ல வேண்டியதைச் சொல்லும். எழுதி முடித்துப் பார்த்தபோது எனக்கே என்மேல் மரியாதை வந்தது.

ஓட்டினேன். டப்பாவில் பச்சை விளக்கு எரிவதாக மாமா சொன்னார். இணைப்பு கிடைத்துவிட்டது என்று இரண்டு பக்கமும் சொன்னது. ஓடை திறந்தாயிற்று என்று டப்பா சொன்னது. அதற்கப்புறம் ஒன்றுமே இல்லை. பிழை என்று ஒரு சிவப்பு வரியாவது வந்தால் திட்டவாவது ஆள் கிடைக்கும். அதுவும் இல்லை. முப்பது நொடி பார்த்துவிட்டு இணைப்பு தானாக மூடிக்கொண்டது. யாரும் பேசாத இணைப்பை எதற்கு வைத்திருக்க வேண்டும் என்பது அந்த லைப்ரரியின் கொள்கை.

மூடாமல் இருக்க வழி உண்டு. சில நொடிக்கு ஒருமுறை, ‘இருக்கிறேன்’ என்று மட்டும் சொல்லும் ஒரு சிறு துடிப்பை அனுப்பச் சொல்லலாம். சொன்னேன். இணைப்பு சாகவில்லை. புதன்கிழமை முழுக்கச் சாகாமல், பேசாமல் கிடந்தது. நான் எல்லாவற்றையும் பார்த்தேன். சிக்னலைக் குறை சொன்னேன். பூட்டைக் குறை சொன்னேன். மாமாவை டப்பாவின் ஆண்டெனாவை ஜன்னல் பக்கம் மாற்றி வைக்கச் சொன்னேன், பிறகு கூரைமேல் வைக்கச் சொன்னேன். ஐம்பது வயது மனிதர் அந்த வெயிலில் தகரக் கூரைமேல் ஏறினார். பன்னிரண்டு ஓடையைத் திறக்கும் இடத்தில் ஒன்றை மட்டும் திறந்து பார்த்தேன். அந்த ஒன்றும் அப்படியே நின்றது. மாதிரி நிரல் ஓடுகிறது, அதே லைப்ரரி, அதே டப்பா, அதே சிம். என்னுடையது மட்டும் ஓடவில்லை. கையேட்டை ஆரம்பத்திலிருந்து படித்தேன். ஒவ்வொரு வாக்கியமும் புரிந்தது, மொத்தமாக ஒன்றும் புரியவில்லை. எனக்கு இந்த வேலை தெரியாது, இத்தனை வருஷமாக ஏமாற்றிக்கொண்டிருக்கிறேன், சொந்தக்காரர்கள் சொன்னதுதான் சரி என்று தோன்ற ஆரம்பித்தது.

அன்று மாலை மாமா கூரையிலிருந்து இறங்கி வந்து போன் செய்தார். இயந்திரத்தைப் பற்றிப் பேசுவார் என்று நினைத்தேன்.

“மச்சான், ஞாயித்துக்கெழம என்ன பண்ற?”

“அக்கா கூப்டச் சொல்லுச்சா?”

மாமா இயந்திரங்களின் சத்தம் குறையும் இடத்துக்குத் தள்ளிப் போய்ச் சொன்னார்.

“அது வாய்விட்டு ஒண்ணும் சொல்லல. ஆனா மடி வேணும்ல. ஒங்க பெரியம்மா மவன் இருக்கான்ல, அவனுக்குச் சொல்லிடலாமான்னு கேட்டுச்சி. சனிக்கெழம வரைக்கும் பாப்போம்னு நான்தான் சொல்லி வெச்சிருக்கேன்.”

பெரியம்மா மகனுக்கு அந்தக் குழந்தையின் பெயர்கூட ஒழுங்காகத் தெரியாது. “அப்ப அவனையே உக்கார வெச்சிக்குங்க” என்று சொல்லிவிட்டேன். அக்கா வந்து பாக்கு வெற்றிலை வைத்து அழைக்காமல் தாய்மாமன் போய் நின்றால் ஊர் சிரிக்காதா? அவள் வரமாட்டாள், ஏனென்றால் நான் ‘வா’ சொல்லவில்லை. நான் எப்படிச் சொல்வது, அவள் வந்தால்தானே சொல்ல? யோசிக்க யோசிக்கத் தலை சுற்றியது. டிராயரைத் திறந்து கம்மல் டப்பியை ஒருமுறை பார்த்துவிட்டு மூடினேன்.

வியாழக்கிழமை காலையில் மேடத்தோடு சண்டை வந்தது. மேடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவருடைய அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் சிப்பாயாக இருந்தவர், எங்கள் ஊர் வழக்கில் சொல்தா. மேடம் பிறந்தது இங்கே, படித்தது பாதி பிரான்சில். கோபம் வந்தால் பிரெஞ்சு, ரொம்பக் கோபம் வந்தால் நல்ல புதுச்சேரித் தமிழ். அவர் மேஜை மாடிப்படிக்கு நேராக இருக்கிறது. மூன்று வருஷமாகத் தினமும் காலையில் நான் படியேறி வருவேன். அவர் என்னைப் பார்க்க மாட்டார், ஒரு ‘வாங்க’ சொல்ல மாட்டார். நான் என் இடத்தில் போய் உட்காருவேன். முதலாளி என்றால் அப்படித்தான் போலிருக்கிறது என்று மனதுக்குள் வைத்துக்கொள்வேன். அன்றும் அப்படியே நான் தாண்டிப் போனபோது பேனாவை மேஜைமேல் போட்டார்.

“மூணு வருஷமா பாக்கறேன். உள்ள வர்றப்ப ஒரு நாள், ஒரே ஒரு நாள், ஒரு போன்ழூர், ஒரு வணக்கம் சொல்லியிருக்கீங்களா? நான் என்ன மனுஷியா, மேஜையா?”

எனக்கும் புதன்கிழமை ஆத்திரம் மிச்சம் இருந்தது. “நீங்கதான மேடம் உள்ள இருக்கீங்க? உள்ள இருக்கறவங்கதான வாங்கன்னு சொல்லணும்?”

“நல்லாருக்கே! அங்க ரொட்டிக் கடைக்குள்ள நொழஞ்சாக்கூட நொழையறவங்கதான் முதல்ல சொல்லணும். சொல்லலன்னா ரொட்டியே தர மாட்டாங்க. நான் ஸ்கிரீனப் பாத்துக்கினு இருக்கேன். நீங்க வாயத் தொறக்கலன்னா வந்தது நீங்களா, பூனையான்னு எனக்கு எப்பிடித் தெரியும்?”

கீழே இறங்கிவிட்டேன். தையல் கடைக்குப் பக்கத்தில் டீ குடித்தேன். கோபம் தீரவில்லை, இன்னொரு டீ குடித்தேன். வருகிறவன் தானே வாயைத் திறந்து ‘நான் வந்துவிட்டேன்’ என்று அறிவிக்க வேண்டுமாம், வீட்டில் இருப்பவர் உட்கார்ந்த இடத்திலிருந்து கேட்டுக்கொள்வாராம். என்ன வழக்கம் இது! மூன்று வருஷமாக அவர் என்னை மரியாதை தெரியாதவன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார், நான் அவரை அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டாவது டீயின் பாதியில்தான் எனக்குள் ஏதோ இடறியது. வாயைத் திறக்காவிட்டால் வந்தது எப்படித் தெரியும்?

படியை இரண்டிரண்டாகத் தாண்டி மேலே ஓடினேன். கையேட்டில் அந்த வரி இருந்தது. நான் நாலு முறை படித்த வரி. ஓடையைத் திறப்பது திறக்கிறவருடைய பக்கத்தில் மட்டும் நடக்கும் காரியம்; அதில் எதையாவது எழுதி அனுப்பும்வரை எதிர்ப்பக்கத்துக்கு அப்படி ஓர் ஓடை இருப்பதே தெரியாது. அதாவது, டப்பா கதவைத் திறந்துவிட்டு, ‘வா’ என்ற சொல்லுக்காக மரியாதையாக வாசலில் நின்றது. யாரோ வந்திருக்கிறார்கள் என்பதே தெரியாமல் சர்வர் உள்ளே உட்கார்ந்திருந்தது. அதற்கு யாராவது வந்தால்தானே ‘வா’ சொல்ல. துடிப்பு மட்டும் போய்வந்துகொண்டிருந்தது, அக்கா நல்லாத்தான் இருக்கா என்று. உலகம் முழுக்க எத்தனையோ பேர் இந்த லைப்ரரியைப் பயன்படுத்துகிறார்கள். இந்தத் தவற்றைச் செய்ய எங்கள் குடும்பத்தில் வளர்ந்திருக்க வேண்டும்.

மாற்றியது ஒரே வரி. ஓடையைத் திறந்ததும் டப்பா முதலில் ஓர் எழுத்து அனுப்பட்டும். அதைக் கேட்டுச் சர்வர் ‘வா’ சொல்லட்டும். நான் ‘வா’வை எடுத்துவிடவில்லை, அதில் மட்டும் விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் பன்னிரண்டு ஓடையும் ஓடின. ஒரு இயந்திரத்தின் கம்பியை மாமா வேண்டுமென்றே பிடுங்கிப் பார்த்தார். அந்த ஒன்று மட்டும் நின்றது, மற்றவை ஓடின. மேனேஜர் திரையைப் பார்த்துத் தலையாட்டியதாக மாமா சொன்னார். “எல்லா மிஷினும் பேசுது மச்சான்” என்றார். நான் மேடத்தின் மேஜைக்கு முன்னால் போய் நின்று “போன்ழூர் மேடம்” என்றேன். மணி அப்போது பன்னிரண்டு. அவர் நிமிர்ந்து பார்த்து, “வாங்க” என்றார். இரண்டு பேரும் சிரிக்கவில்லை.

சனிக்கிழமை கம்மல் டப்பியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பைக்கை எடுத்தேன். கோரிமேடு தாண்டும்வரை எனக்கு எல்லாம் தெளிவாக இருந்தது. அக்காவும் நானும் அந்த டப்பாவும் சர்வரும் மாதிரி. அன்று அவள் பேசாமல் வாசலில் நின்றாள், எனக்குத் தெரியவில்லை. யார்மேலும் குற்றம் இல்லை, முறைதான் தப்பு. இதை அவளுக்குப் பக்குவமாக எடுத்துச் சொல்லிவிட்டால் தீர்ந்தது. இதைச் சொல்ல அழைப்பு வேண்டியதில்லை, வருகிறவன் முதலில் பேசலாம் என்று இந்த வாரம்தான் படித்திருக்கிறேன். வழியெல்லாம் சொல்ல வேண்டியதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். சேதராப்பட்டு நெருங்க நெருங்க, திரும்பிவிடலாமா என்றும் தோன்றியது.

அக்கா வீட்டு வாசல் திறந்திருந்தது. அக்கா கூடத்துத் தரையில் உட்கார்ந்து, மறுநாளைக்கான தாம்பூலப் பைகளைப் போட்டுக்கொண்டிருந்தாள். மஞ்சள் பை, ஒரு தேங்காய், வெற்றிலை பாக்கு, வாழைப்பழம். என் நிழல் அவள் மடியில் விழுந்தது. நிமிரவில்லை. ‘வா’ என்று சொல்லவில்லை. பதினான்கு மாதம் ஆனால் என்ன, ஒரு சொல்தானே?

“அக்கா, வந்திருக்கேன்.”

“தெரியுது.”

உள்ளே போய் அவளுக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தேன். அவள் பைக்குள் தேங்காயைப் போட்டு நகர்த்தினாள். நான் வெற்றிலையைப் போட்டேன். இப்படி ஏழெட்டுப் பை ஆயிற்று. பிறகு ஆரம்பித்தேன். டப்பாவைப் பற்றி, ஓடையைப் பற்றி, புதன்கிழமை முழுக்க நான் பட்ட பாட்டைப் பற்றிச் சொன்னேன். மாமா கூரை ஏறியதைச் சொன்னபோது அவள் உதடு லேசாகக் கோணியது. தைரியம் வந்து மேலே போனேன்.

“கதவத் தொறந்துட்டு ஒரு வார்த்த பேசலன்னா உள்ள இருக்கறவனுக்கு யாரும் வந்ததே தெரியாதுக்கா. அதான் அன்னைக்கும் நடந்துச்சி. நீ பேசாம நின்னுட்ட, எனக்குத் தெரியல. ரெண்டு பேர் மேலயும் தப்பில்ல.”

அக்கா கையில் இருந்த பையைக் கீழே வைத்தாள்.

“நான் பேசாம நின்னேன்னு ஒனக்கு யார் சொன்னா?”

அவளே தொடர்ந்தாள்.

“தம்பின்னு ரெண்டு வாட்டி கூப்டேன்டா. மொத வாட்டி மெதுவா. ரெண்டாவது வாட்டி கூடத்துல இருந்த எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க. ஒன்னத் தவிர.”

திட்டும் குரலில் அவள் அதைச் சொல்லவில்லை. பழம் அழுகியிருக்கிறது, எடுத்து வை என்று சொல்வதுபோலத்தான் சொன்னாள். அத்தனை பேர் முன்னால் கூப்பிட்டு, அத்தனை பேரும் பார்க்க, பதில் வராமல் நின்றிருக்கிறாள். பதினோரு வருஷம் பிள்ளை இல்லாமல் எந்த விசேஷத்துக்கும் ஒதுங்கி நின்றே போய்வந்தவள், தம்பி வீட்டு விசேஷம் என்பதால் குரலை உயர்த்தியிருக்கிறாள். அந்தக் கூடத்தில் இருந்தவர்களில் ஒருவர்கூட அதை என்னிடம் சொல்லவில்லை. எனக்குத் தெரியாமல் இருக்கும் என்றே அவர்களுக்குத் தோன்றியிருக்காது. தெரிந்துகொண்டே நிமிராமல் இருந்தேன் என்றுதான் எல்லோரும் நினைத்திருக்கிறார்கள், அக்காவும். வருகிற பக்கத்தை நான் மூன்று நாள் சோதித்தேன். கேட்கிற பக்கத்தைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. எனக்கு அவமானமாக இருந்தது. வழியெல்லாம் தயார் செய்த விளக்கத்தில் ஒரு வரிகூட மிச்சம் இல்லை.

“எனக்குக் கேக்கலக்கா” என்றேன். “சத்தியமா கேக்கல. கேக்காததுதான் தப்பு. முழுசும் என் தப்பு.”

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். வியர்வையா என்று எனக்குத் தெரியாது. பின்னாலிருந்து குழந்தை ஓடி வந்து, என்னைக் கண்டதும் நின்றது. நான் கையை நீட்டினேன். அது மூக்கைச் சுருக்கி ஒரே ஓட்டமாக உள்ளே போய்விட்டது. பதினான்கு மாதம் என்பது அதன் வயதில் பாதி. அக்கா அது போன திசையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி பையை எடுத்தாள்.

நான் கம்மல் டப்பியை எடுத்துத் தரையில் வைத்தேன். திறந்து பார்த்தாள். திருகை விரலால் தொட்டு இறுக்கமாக இருக்கிறதா என்று சோதித்தாள். மூடி, என் பக்கமாகத் தள்ளிவிட்டாள். திருப்பித் தருகிறாள் என்று நினைத்தேன். தலையைக் குனிந்துகொண்டேன். வெளியே ரோட்டில் ஒரு லாரி ஆரனை அழுத்திப் பிடித்துக்கொண்டு போனது.

“அத ஏன் இங்க வெச்சிட்டுப் போற, நாளைக்கி நீதான எடுத்துக்கினு வரணும்?” என்று அந்தச் சத்தத்துக்குள் அக்கா சொன்னாள். “வேன் ஆறு மணிக்கு. பேண்ட் போட்டுக்கினு வராத, புள்ள மடியில நிக்காது, வேட்டி கட்டு.”

“சரிக்கா” என்றேன், முதல் தடவையிலேயே.